பால் உறையாத முட்டி

சறோஜினிதேவி ரீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘கிருமி ரீச்சர்’ என்று பட்டம். யார் வைத்தார்களோ தெரியாது. நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோதே அது புழங்கிப் பழசாகியிருந்தது. அவர் மனையியல் படிப்பித்தார். வகுப்புக்குள் வந்ததும், நாங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, கைகளை நீட்டச் சொல்வார். நகத்துக்குள் கறுப்புக் கண்டால் அடிக்க மாட்டார். “இதுக்குள்ளை எத்தினை லட்சம் சீவன் குடியிருக்குது, தெரியுமோ?” என்று கேட்பார். அதற்கு இரண்டு அடி போட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அந்த லட்சம் சீவனும் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

சிரித்தோமே தவிர, அவருக்கு ஏன் அந்தப் பயம் என்று எங்கள் தீவுக் கிராமமான புளியங்கூடலில் எல்லோருக்கும் தெரியும். ரீச்சர் கல்யாணம் முடிக்கவில்லை. தம்பி குலசிங்கத்தோடும் தம்பி மனைவி மனோகரியோடும் தாய்வீட்டில் இருந்தார். எங்கள் வீடு வேலிக்கு இந்தப் பக்கம். என் அம்மா இராசமணி மாடு வைத்து அவர்களுக்குப் பால் கொடுத்தவர். மனோகரிக்கு முதல் பிறந்தது ஆண்பிள்ளை. மழை பொய்த்த ஒரு வருடம், கிணறெல்லாம் அடியில் கலங்கிக் கிடந்தபோது, அந்தப் பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. ஊர் மருத்துவமாது வந்து பார்த்துத் தண்ணீரில் கிருமி என்றார். அதை மனோகரி அழுதுகொண்டு கேட்டாள். ரீச்சர் அழாமல் கேட்டார். அவரும் அன்றைக்கே அழுது தீர்த்திருந்தால் நல்லதாயிருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வேலையை விட்டு ஓடிவந்த குலசிங்கம், அடுத்த தையில் சவூதிக்குப் போனான். அங்கே ஓர் ஆசுப்பத்திரியில் நிலம் கழுவுகிற வேலை. ஊருக்கு ஆசுப்பத்திரியில் வேலை என்று மட்டும் சொல்லப்பட்டது. ஒரு வருடம் கழித்து லீவில் வந்தபோது ரேப் ரெக்கோடரும் கம்பளிப் போர்வையும் மனோகரிக்குச் சங்கிலியும் கொண்டுவந்தான். அக்காவுக்கு இரண்டு பெரிய பிளாஸ்ரிக் போத்தல்கள். உள்ளே பாலைப்போல வெள்ளையாக, குழகுழவென்று ஒரு மருந்து.

“ஒப்பிரேசனுக்கு முன்னம் டொக்டர்மார் இதாலைதான் அக்கா கை கழுவுறவை. இது பட்டால் ஒரு கிருமியும் தப்பாது” என்றான்.

சங்கிலி கிடைத்த மனோகரியைவிட ரீச்சர்தான் அன்றைக்குப் பூரித்துப்போயிருந்தார் என்று அம்மா சொல்லுவா.

அந்த வருடம் ஐப்பசியில் மனோகரிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அம்பிகை என்று பெயர் வைத்தார்கள். குலசிங்கம் சவூதியில் இருந்தான். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் அந்த இரண்டு போத்தல்களும்தான்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் தங்கள் வீட்டுக்குள் கால்வைக்கக் கூடாது. ரீச்சர் அதைத் தலைகீழாக்கினார். வெளியே இருந்து வருகிறவர்கள் கை கால் கழுவாமல் பிள்ளையின் அறைக்குக் கிட்டவும் வரக் கூடாது. வாசலில் ஒரு பேசின், அதில் மருந்து கலந்த தண்ணீர், பக்கத்தில் ரீச்சர். பிள்ளை பார்க்க வந்த கிழவிகள் வாசலிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். “பிள்ளைப்பெத்த வீடு ஆசுப்பத்திரி மணக்குது” என்று ஊரெல்லாம் பேச்சு. ரீச்சருக்கு அது புகழ்ச்சியாகத்தான் கேட்டது.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து புண்ணியதானம் செய்தார். மாவிலையால் தெளிக்கிற செம்புத் தண்ணீருக்குள்ளும் ரீச்சர் ஒரு மூடி மருந்து விட்டார். ஐயர் செம்பைத் தூக்கி மணந்து பார்த்தார்.

“உதென்ன, கற்பூரம் போட்டனீங்களோ?”

“சுத்தத்துக்கு, ஐயா” என்றார் ரீச்சர்.

ஐயரும் சுத்தத்துக்காகத்தான் வந்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வீடு முழுக்கத் தெளித்துவிட்டுப் போனார்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது ரீச்சர்தான். காலையும் மாலையும் கிணற்றடியில் பலகையில் இருந்து, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்தி, அந்த மருந்தால் தேய்த்து ஊற்றுவார். மேலே சுத்தத் தண்ணீர் விட மாட்டார். விட்டால் மருந்து போய்விடுமாம். பிள்ளையின் துணி அதில் ஊறும். மனோகரி பால் கொடுப்பதற்கு முன்னர் மார்பையும் அதால்தான் துடைக்க வேண்டும். குசினியில் பால் ஊற்றி வைக்கிற மண்முட்டிகள்கூட இரவில் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தன. மருத்துவமாது இதையெல்லாம் பார்த்துவிட்டு, எல்லா வீடும் இப்படி இருந்தால் தனக்கு வேலையே இல்லை என்று மெச்சிவிட்டுப் போனார். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த மருந்து என்னவென்று எங்கள் ஊரில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

முதலில் பிள்ளையின் தொடை இடுக்கில் சிவந்தது. பிறகு இடுப்பு முழுக்கச் சிவந்து தோல் உரிந்தது. பால் கொண்டுபோன அம்மா கண்டுவிட்டு, “ரீச்சர், இது கிரந்தி. பரியாரியாரிட்டைக் காட்டினால் எண்ணெய் தருவார்” என்றா.

“எண்ணெயிலைதான் ஊத்தை ஒட்டுறது, இராசமணி. இது கிருமி. இன்னும் கொஞ்சம் கவனமாய் இருக்கவேணும்.”

கவனம் என்றால் காலை மாலையோடு மத்தியானமும் ஒரு குளிப்பு. புண்பட்ட இடத்தில் தண்ணீர் கலக்காமல் மருந்தைத் துணியில் நனைத்து ஒற்றுவது. பிள்ளை வீரிட்டு அழும். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா மாட்டை விட்டுவிட்டு எழும்பி நிற்பா. ரீச்சர் கண் கலங்கிக்கொண்டே ஒற்றுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்; அந்தப் பிள்ளையை அவரைப்போல ஒருவரும் நேசித்திருக்க முடியாது.

இந்த நாட்களில்தான் ஒருநாள் அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு முட்டியைக் காட்டினாராம். “பாத்தியளே, காலமை வைச்ச பால். பின்னேரமாகியும் திரியேல்லை. இதுதான் சுத்தம்.”

அம்மாவுக்கு வேறு கவலை. “மாட்டுப்பால் திரியாட்டில் அதென்ன பால், ரீச்சர்? நான் என்னத்தையோ கலக்கிறன் எண்டெல்லோ சனம் கதைக்கப்போகுது” என்றிருக்கிறா. இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

தை பிறந்ததும் பிள்ளையின் அழுகை மாறியது. கீச்சென்று ஒரு குரலில், நிறுத்தாமல் அழுதது. பிறகு அழுகை குறைந்து பால் குடிப்பதும் குறைந்தது. மடியில் கிடக்கும்போது ஒரு கை தானாகத் துடிக்கும். முதல் பிள்ளையும் கடைசி நாட்களில் பால் குடிக்காமல்தான் கிடந்தது. இரண்டு பெண்களுக்கும் அது ஞாபகம் இருந்தது. 

ரீச்சர் யோசித்தார். வீடு சுத்தம், துணி சுத்தம், தண்ணீர் கொதிக்கவைத்தது. மருந்து படாத ஒன்றே ஒன்றுதான் பிள்ளைக்குள் போகிறது.

“மனோகரி, உம்முடைய பாலிலைதான் ஏதோ பிழை. மூத்தவனுக்கும் உந்தப் பால்தானே குடுத்தனீர்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடத்தின் மீது பழி போட்டால்கூடப் பரவாயில்லை, பெற்றவளின் மீதல்லவா விழுந்தது. மனோகரி அதை அப்படியே நம்பிவிட்டாள். அவள் அதிகம் படித்தவளல்ல, மச்சாள் ரீச்சர். அன்றிலிருந்து பிள்ளைக்குப் பால்மா, மருந்தில் ஊறிய போத்தலில். மார்பு கட்டி வலித்தபோது மனோகரி வேலியோரம் போய் நின்று பாலைப் பிழிந்து மண்ணில் விட்டாள். அம்மா கண்டு கேட்டபோது, “என்ரை பால் பிள்ளைக்கு நஞ்சாம், அக்கா” என்று மட்டும் சொன்னாளாம். அம்மா எங்களிடம் வந்து சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னா.

அந்தக் கிழமை எங்களுக்கு மனையியலில் தயிர்ப் பாடம். பாலை உறையவைப்பது ஒரு வகைக் கிருமி, எல்லாக் கிருமியும் கெட்டதல்ல என்று ரீச்சர் படிப்பிக்க வேண்டிய ஒரே பாடம் அது. வேண்டா வெறுப்பாகத்தான் படிப்பிப்பார். செய்முறைக்கு வீட்டிலிருந்து புது முட்டிகள் மூன்று கொண்டுவந்தார். புது மண்முட்டிதான் தூசியை உறிஞ்சும் என்று அவற்றை இரவெல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவந்திருந்தார். முட்டி போதாமல் நானும் பக்கத்து வாங்கு மாக்கிறேற்றும் எங்கள் வீட்டு முட்டிகளைக் கொண்டுபோனோம். அவற்றைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தோம். ரீச்சர் விரலால் தடவிப் பார்த்து, “சரி, உங்கடை வீட்டுச் சுத்தம் இவ்வளவுதான்” என்றார்.

பால் என் அம்மா கொடுத்தது. ஒரே சட்டியில் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஐந்து முட்டிக்கும் ஊற்றி, ஒரே உறைமோரைக் கரண்டியால் விட்டோம். மூடி, மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் போனோம்.

அடுத்த நாள் காலை மாக்கிறேற்றின் முட்டியைத் திறந்தோம். கத்தியால் வெட்டலாம்போலத் தயிர். என்னுடையதும் அப்படியே. ரீச்சரின் முதல் முட்டியைத் திறந்தால் பால். இரண்டாவதும் பால். மூன்றாவதையும் சாய்த்துப் பார்த்தார், சளக்கென்று தளம்பியது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். மாக்கிறேற் வாய் சும்மா இராதவள்.

“ரீச்சர், உங்கடை முட்டிக்கு எங்களிலை அருவருப்புப் போலை.”

வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “உறைமோர் எல்லாத்துக்கும் ஒரே சட்டியிலை இருந்துதானே விட்டனீர்?” என்று கேட்டார். ஓம் என்றேன். முட்டியிலிருந்த பாலை வெளியே ஊற்றி, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசினார். பிறகு உள்புறத்தை விரலால் அழுத்தித் தேய்த்து அந்த விரலை நாக்கில் வைத்தார். முகம் கோணியது. கைத்திருக்க வேண்டும்.

“கழுவியும் போகேல்லை” என்று மெல்லச் சொன்னார். “மண்ணுக்குள்ளை இறங்கியிருக்குது.”

அப்போது அவர் தன் கையைப் பார்த்தார். எத்தனையோ நாளாக அந்த மருந்தில் நனைந்து வெளிறி, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்த கை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் திடீரென்று முட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதிபரிடம் சொல்லவில்லை. குடை எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் ஓடத் தொடங்கினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ரீச்சர் ஓடுவதை நாங்கள் யன்னலில் ஏறி நின்று பார்த்தோம். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ரீச்சர் பள்ளிக்கூடம் போகிற நாட்களில் மத்தியானக் குளிப்பு மனோகரியின் வேலை. அவள் கிணற்றடியில் பிள்ளையைக் காலில் கிடத்தி, பேசினில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாளாம். வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்த ரீச்சர் பேசினைக் காலால் எற்றினார். வெள்ளைத் தண்ணீர் வாழைப் பாத்திக்குள் ஓடியது. பிள்ளையைப் பறித்து மடியில் கிடத்தி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். மனோகரி பயந்து குழற, அம்மா ஓடிப்போனா. அந்த நேரம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கை கால் விறைத்து, கண் செருகிவிட்டது.

ஏரம்புவின் வாடகைக் காரில் யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரிக்குப் போனார்கள். அம்மாவும் கூடப் போனா. ரீச்சர் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டார். தீவைத் தாண்டுகிற பாலத்தடியில் நேவிக்காரர் மறித்தார்கள். ஒருவன் அந்தத் தலைப்பை அவிழ்க்கச் சொல்லி, போத்தலை மணந்து பார்த்துவிட்டு, பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

பிள்ளை விடுதியில் டொக்டர் ஊசி போட்டு வலிப்பை அடக்கினார். பிறகு தாயைக் கேட்டார்.

“பிள்ளைக்கு என்ன பால் குடுத்தனீங்கள்?”

மனோகரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “என்ரை பால்தான் சரியில்லை, டொக்டர். முதல் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது.”

ரீச்சர் கதவடியில் நின்றார். பேசாமல் இருந்திருக்கலாம். போத்தலை மட்டும் நீட்டி, இதைக் கொஞ்சம் பாருங்கோ என்று பட்டும் படாமல் சொல்லியிருக்கலாம். ஊரில் மதிப்பான மனுசி, பக்கத்தில் பால்காரி நிற்கிறாள், நாளைக்கு இது புளியங்கூடல் முழுக்கப் போகும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் முன்னுக்கு வந்தார்.

“அவவின்ரை பாலிலை ஒரு பிழையுமில்லை, டொக்டர். பிள்ளையைக் கெடுத்தது நான். பிறந்த நாள் தொடக்கம் இதாலை குளிப்பாட்டினனான். புண்ணிலையும் பூசினனான்.”

டொக்டர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். ஹெக்ஸாகுளோரோபீன் என்று ஒரு பெயர் சொன்னார். “இது பெரியாக்களின்ரை கைக்கு. கழுவினாலும் தோலிலை தங்கி நிக்கும், அதுக்குத்தான் இதைச் செய்யிறது. பச்சைப்பிள்ளையின்ரை தோலுக்குள்ளாலை இரத்தத்துக்குப் போகும், மூளைக்கும் போகும். புண்பட்ட தோலெண்டால் கேட்கத் தேவையில்லை. வெளிநாட்டிலை பிள்ளையளுக்கு இதைப் பாவிக்க வேண்டாமெண்டு நிப்பாட்டிப் பத்து வருசத்துக்கு மேலை.”

“பிள்ளை தப்புமோ?”

“இனிப் படாட்டில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாய்க் கழிக்கும். எவ்வளவு பழுது மிஞ்சும் எண்டு இப்ப சொல்ல ஏலாது. தாய்ப்பாலைக் குடுங்கோ. அதைவிட மருந்து என்னட்டை இல்லை.”

மனோகரி சுவர்ப் பக்கம் திரும்பிப் பிள்ளையை மார்பில் அணைத்தாள். பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. கரண்டியில் பிழிந்து துளித்துளியாக ஊட்டினாள். அழுதது மனோகரியா ரீச்சரா என்று அம்மாவைக் கேட்டேன். “இரண்டு பேரும் அழேல்லை, நான்தான் அழுதனான்” என்றா.

பிள்ளை தப்பியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆசுப்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தது. மனோகரி மச்சாளைத் திட்டவில்லை, புருசனுக்கு எழுதவில்லை, தாய்வீட்டுக்குப் போகவில்லை. ரீச்சருக்குச் சோறு போட்டாள், சேலை தோய்த்துக் காயப்போட்டாள். பிள்ளையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. ரீச்சர் கதிரையில் இருக்கும்போது பிள்ளை தவழ்ந்து போய்க் காலைப் பிடித்தால் மனோகரி வந்து தூக்கிக்கொண்டு போவாள், முகத்தில் கோபமே இல்லாமல். ஒருநாளாவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் ரீச்சருக்கு ஆறுதலாயிருந்திருக்கும். எனக்கு மனோகரி மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்ததுண்டு. பிறகு, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, அந்த எரிச்சல் போய்விட்டது.

இரண்டு போத்தலிலும் பாதிப் பாதி மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று ரீச்சருக்குத் தெரியவில்லை. கிணற்றடியில் ஊற்ற ஏலாது; வெள்ளைத் தண்ணீர் ஓடிய வாழைப் பாத்திக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலு முழம்தான், அடியெல்லாம் ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல். கக்கூசுக்குள் முன்னமே சுத்தத்துக்கென்று ஊற்றியிருந்தார். அந்தக் குழி மக்காமல் நிரம்பி, நாற்றமெடுத்துக் கிடந்தது. தோட்டத்தில் புதைத்தால் மாரி வெள்ளம் கொண்டுபோகும். கடலில் ஊற்றலாமே என்று அம்மா சொன்னா. அந்த முழங்கால் தண்ணீரில்தான் எங்கள் ஆட்கள் இறால் பிடிக்கிறார்கள், குழந்தைகள் குளிக்கிறார்கள் என்று ரீச்சர் மறுத்தார். தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேலே மெல்லிதாய் நிற்கிற ஒரு படை. எங்கே ஊற்றினாலும் ஒருநாள் நாங்கள்தான் குடிக்க வேண்டும். கடைசியில் பாதிப் போத்தலை மற்றதற்குள் ஊற்றி நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த லீவில் குலசிங்கம் வந்தான். விசயத்தை ரீச்சரே சொன்னார். அவன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பெட்டியிலிருந்து வாசச் சவுக்காரம், பல்பசை, முகத்துக்குப் போடும் பவுடர் என்று எடுத்து வைத்தான். ரீச்சர் ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

“இதிலையும் கிருமி கொல்லிற மருந்து இருக்குது, தம்பி.”

“இப்ப எல்லாத்துக்குள்ளையும் அதைத்தான் போடுறாங்கள், அக்கா. போடாட்டில் சனம் வாங்காது” என்றான்.

அவன் சொன்னது சரிதான். எங்கள் கடைகளிலும் அப்படிச் சவுக்காரம் வரத் தொடங்கியிருந்தது. றேடியோவில் அதற்குப் பாட்டுக்கூடப் போனது.

பள்ளிக்கூடத்தில் கை நீட்டச் சொல்வது நின்றுபோயிற்று. ஆனால் அந்த மூன்று முட்டியையும் ரீச்சர் எறியவில்லை. ஒவ்வொரு வருடமும் தயிர்ப் பாடத்துக்கு வெளியே எடுத்து, பால் ஊற்றி, உறைமோர் விட்டு வைப்பார். அடுத்த வருடமும் உறையவில்லை. அதற்கடுத்த வருடம் ஒரு முட்டியில் தண்ணீராக, இழுபட்டுக்கொண்டு ஏதோ உறைந்திருந்தது. அம்பிகை பேசினாள், ஆனால் நடக்கப் பிந்தினாள். மூன்று வயதாகப் போகும் நேரத்தில்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அது அந்த மருந்தாலா, இயல்பாலா என்று டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. முட்டி உறைந்த அன்றைக்கு ரீச்சர் வீட்டுக்கு வந்து மனோகரியிடம், “முட்டி உறைஞ்சிட்டுது” என்றார். மனோகரி புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல், “ஓ” என்றாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் தீவுக்குள் ஆமி இறங்கியது. ஷெல் அடி தொடங்கி, ஊரே பரவைக்கடலைத் தாண்டி அராலிப் பக்கம் போக வெளிக்கிட்டது. வள்ளங்கள் கரைக்குக் கிட்ட வரமாட்டா. இடுப்புத் தண்ணீரில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கை பாரம். நகை, காணி உறுதி, சாமிப்படம். அம்மா கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தா. குலசிங்கம் அப்போதும் சவூதியில்தான்.

மனோகரி அம்பிகையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் உடுப்புப் பையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். பிள்ளைக்கு ஐந்து வயதாகப் போகிறது, பாரம். கால் சேற்றில் புதையப் புதைய நின்று நின்று நடந்தாள். ரீச்சர் பின்னால் வந்தார். அவர் கையில் பட்டுச்சேலையும் இல்லை, சேட்டிபிக்கற்றும் இல்லை. துணியால் வாய் கட்டிய அந்தப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

மனோகரி திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

“மச்சாள், இதையே கொண்டுவாறியள்? இந்த நேரத்திலை?”

“விட்டுட்டு வர ஏலாது, பிள்ளை” என்றார் ரீச்சர். மூச்சு வாங்கியது. “ஷெல் விழுந்து உடைஞ்சால் கிணத்துக்குள்ளை போகும். உடையாட்டில் ஆரும் எடுப்பினம். நல்ல மருந்தெண்டு நினைச்சு, ஒரு பச்சைப்பிள்ளையை...”

எங்களைச் சுற்றிச் சனம் தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. வள்ளக்காரர் கெதியாய் வரச்சொல்லிக் கத்தினார். மனோகரி அசையாமல் நின்று மச்சாளைப் பார்த்தாள். பிறகு உடுப்புப் பையை என் தோளில் மாட்டினாள். இடுப்பிலிருந்த அம்பிகையை இறக்கி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பிள்ளையைப் பிடியுங்கோ, மச்சாள். போத்திலை நான் கொண்டுவாறன்.”